ஏலகிரி ஏற்றத்தில் அடங்கிப்போகும் ஆக்டேவியா: டர்போவைக் கழற்றுவதற்கு முன்

கேள்வி: அண்ணா, குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். அப்பா 2006-இல் வாங்கிய ஸ்கோடா ஆக்டேவியா 1.9 டீசல் வண்டி, 1,84,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இப்போது நான்தான் ஓட்டுகிறேன், பெரும்பாலும் ஊருக்குள் கடைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும்தான். ஆறு மாதமாக ஒரு தொல்லை. ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கி இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒன்றிரண்டு நொடி வண்டி அப்படியே திணறுகிறது, 2,000 ஆர்பிஎம் தாண்டியதும் யாரோ பின்னாலிருந்து தள்ளியது போலப் பாய்கிறது. போன மாதம் குடும்பத்தோடு ஏலகிரி போனபோது பாரி வளைவுக்கு மேலே திடீரென்று இழுவையே இல்லை. ஓரம் கட்டி அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஏறிவிட்டது. மாதனூர் பக்கம் ஹைவேயில் லாரியை ஓவர்டேக் செய்யும்போதும் இரண்டு தடவை இப்படி ஆகிப் பயந்துவிட்டேன். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் மாற்றியாயிற்று. ஒரு ஒர்க்‌ஷாப்பில் டர்போ போய்விட்டது, மாற்ற 70,000 ரூபாய் ஆகும், பாதி அட்வான்ஸ் கொடுங்கள் என்கிறார்கள். வண்டியை விற்க மனசு வரவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, அந்த அட்வான்ஸைக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டிருந்தால் வேலையை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது: சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் வண்டி பழையபடி இழுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி போதும். செத்துப்போன டர்போ சாவியைத் திருப்பினால் உயிர் பெறாது. பிளேடு உடைந்திருந்தாலோ, ஷாஃப்ட் தேய்ந்து சக்கரம் டர்போவின் வெளிக்கூட்டை உரசினாலோ, அணைத்தாலும் போட்டாலும் அது அப்படியேதான் இருக்கும். சாவியைத் திருப்பினால் சரியாகிறது என்றால், இழுவையை நிறுத்தியது வண்டியின் கம்ப்யூட்டர். ஏதோ ஒரு அளவு எல்லை மீறியதைப் பார்த்து, எஞ்சினைக் காப்பாற்ற டீசலையும் காற்றழுத்தத்தையும் குறைத்துவிட்டது. இதற்கு லிம்ப் மோட் என்று பெயர். சாவியை அணைத்ததும் கம்ப்யூட்டர் லிம்ப் மோடை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கும், என்ன தப்பு நடந்தது என்பதற்கான குறி எண்ணை (ஃபால்ட் கோடு) மட்டும் நினைவில் வைத்திருக்கும், அதனால்தான் ஏலகிரியில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஏறியது.

மேலே போவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது சரியாகும்வரை ஹைவேயில் லாரியை ஓவர்டேக் செய்ய வேண்டாம், குடும்பத்தோடு மலை ஏறவும் வேண்டாம். எதிரே பஸ் வரும்போது இழுவை போனால் சாவியை அணைத்துப் போட நேரம் இருக்காது.

இப்போது உங்கள் வண்டியின் டர்போ எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், இது தெரிந்தால் மெக்கானிக் சொல்வதை நீங்களே எடை போட்டுப் பார்க்கலாம். புகைப்போக்கி வழியாக வெளியே போகிற சூடான காற்று ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது, அதே ஷாஃப்டின் மறுமுனையில் இருக்கிற சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. இதுவரை எல்லா டர்போவும் ஒன்றுதான். உங்கள் வண்டியில் இருப்பது தகடுகள் அசைகிற டர்போ. சூடான காற்று நுழைகிற இடத்தைச் சுற்றி சின்னச் சின்னத் தகடுகள், ஜன்னல் சட்டம் போல ஒன்றாகச் சாயும். ஆர்பிஎம் குறைவாக இருக்கும்போது அவை நெருங்கி வழியைக் குறுக்கும், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது குழாய் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால் தண்ணீர் சீறுமே அதே மாதிரி காற்று சீறிச் சக்கரத்தை வேகமாகச் சுற்றும். ஆர்பிஎம் ஏறி காற்று அதிகமானதும் தகடுகள் விலகி வழி விட வேண்டும், இல்லையென்றால் அழுத்தம் எல்லை மீறிவிடும். இந்தத் தகடுகளை அசைப்பது ஒரு சின்னக் கம்பி. கம்பியை இழுப்பது வேக்கம், அதாவது காற்றை உறிஞ்சி எடுப்பதால் வருகிற இழுப்பு. டீசல் எஞ்சின் தானாக வேக்கம் உண்டாக்காது என்பதால் அதற்கென்று தனியாக ஒரு பம்ப் இருக்கிறது, பிரேக் பூஸ்டருக்கும் அதே பம்ப்தான். நடுவில் என்75 என்று ஒரு வால்வு, எவ்வளவு வேக்கம் கம்பிக்குப் போக வேண்டும் என்று கம்ப்யூட்டர் அதன் மூலமாகக் கட்டுப்படுத்துகிறது.

இதை வைத்து உங்கள் இரண்டு புகாரையும் பாருங்கள். கீழே, 2,000 ஆர்பிஎம்முக்குள் திணறல்: தகடுகள் நெருங்க வேண்டிய நேரத்தில் நெருங்கவில்லை. மேலே, ஏற்றத்தில் முழு மிதியில் லிம்ப் மோட்: தகடுகள் விலக வேண்டிய நேரத்தில் விலகவில்லை, அழுத்தம் கூடிவிட்டது. மூடவும் சோம்பல், திறக்கவும் சோம்பல். இரண்டு தனித்தனி நோய் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் கரி பிடித்து இறுகிப்போன ஒரே இணைப்பு இரண்டையும் செய்யும். என் கணக்கில் உங்கள் வண்டியில் அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் அதைத் தொடுவதற்கு முன்னால் மலிவானதைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் சில நூறு ரூபாய் ரப்பர் ஹோஸ் கூட இதே மாதிரி நாடகம் ஆடும்.

ஹோஸ் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். போன வருடம் ஆற்காட்டிலிருந்து ஒரு டீச்சர் அம்மா இதே எஞ்சின் உள்ள வண்டியைக் கொண்டுவந்தார். இழுவை இல்லை என்று வேறொரு இடத்தில் டர்போவே மாற்றியிருக்கிறார்கள், மாற்றிய பிறகும் இழுவை இல்லை. பில்லை எடுத்து அவர் காட்டியபோது எனக்கு வயிறு எரிந்தது. பானெட்டைத் திறந்து வேக்கம் ஹோஸ்களை ஒவ்வொன்றாக விரலால் வருடிக்கொண்டே போனேன். என்75-இலிருந்து டர்போவுக்குப் போகிற ஹோஸ் மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அடிப்பக்கம் ஒரு பிராக்கெட்டில் உரசி உரசி அரிசி மணி நீளத்துக்கு ஒரு பிளவு. ஹோஸ் நேராக இருக்கும்போது மூடிக்கொள்கிறது, கொஞ்சம் வளைத்தால் மீன் வாய் மாதிரி திறக்கிறது. எஞ்சின் அசையும்போது ஹோஸும் அசையும், அப்போது வேக்கம் கசியும், டர்போவுக்கு இழுக்கிற பலம் போய்விடும். நின்றுகொண்டு பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். சிலிக்கான் ஹோஸ் இரண்டு மூன்று மீட்டர் வாங்கி எல்லா வேக்கம் ஹோஸையும் மாற்றிக் கொடுத்தேன், அரை நாள் வேலை, வண்டி சத்துவாச்சாரி மேம்பாலத்தில் நான்காவது கியரில் ஏறியது. அந்த அம்மாவுக்கு டர்போ காசு திரும்பி வராது.

நம்ம ஊர் வெயிலில் இந்த ரப்பர் ரொம்ப நாள் தாங்காது. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரி தாண்டுகிறது, பானெட்டுக்குள்ளே அதைவிட ரொம்பவே சூடு, 2006-இல் போட்ட ஹோஸ் இன்னும் அதே வண்டியில் இருந்தால் அது காய்ந்த முருங்கைக்காய் போல இறுகியிருக்கும், முனையில் பிடித்து இழுத்தால் பொடிப்பொடியாக உதிரும். அப்புறம் எலி. வீட்டுக்குப் பின்னால் நெல் வயலோ தென்னந்தோப்போ இருந்து, வண்டி நாலு நாள் நின்றால் கடித்துவிடும். உங்கள் ஹோஸ்களின் முனைகளைப் பாருங்கள், வாய் அகன்று தளர்ந்திருந்தால் அதுவும் கசிவுதான். மாற்றுவதென்றால் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், ஒன்றை மாற்றினால் அடுத்தது அடுத்த மாதம் விடும். ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாகப் போட வேண்டும், மொத்தமாகக் கழற்றினால் எது எங்கே என்று குழம்பிவிடும், என்75-இல் மூன்று முனை இருக்கிறது, மாற்றிப் போட்டால் புதுத் தொல்லை. கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரேக் எப்படி இருக்கிறது? காலை அழுத்தினால் வழக்கத்தைவிடக் கல் மாதிரி இருக்கிறதா? அப்படி இருந்தால் வேக்கம் பம்பே பலவீனமாகியிருக்கலாம், அது டர்போவைவிட அவசரமான விஷயம்.

ஹோஸ் சரி என்று தெரிந்ததும் அடுத்தது கம்பி. இதற்கு ஒரு ஆள் துணை வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்னால் டார்ச் அடித்து டர்போவின் மேல் சின்னக் கிண்ணம் போல இருக்கிற ஆக்சுவேட்டரைக் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து கீழே இறங்குகிற கம்பியைப் பார்த்துக்கொண்டே துணைக்கு இருப்பவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். கம்பி ஒரே மூச்சில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இழுபட வேண்டும், அணைத்ததும் தடங்கல் இல்லாமல் திரும்பி இறங்க வேண்டும். பாதியில் நின்று நின்று போனாலோ, அணைத்த பிறகு மெதுவாக ஊர்ந்து இறங்கினாலோ இணைப்பு இறுகியிருக்கிறது. அசையவே இல்லையென்றால் வேக்கம் வரவில்லை, ஹோஸுக்குத் திரும்பிப் போங்கள்.

நல்ல மெக்கானிக்கிடம் கை வேக்கம் பம்ப் ஒன்று இருக்கும், மீட்டரோடு. அதை நேரே ஆக்சுவேட்டரில் மாட்டி மெதுவாக அடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கம்பி சின்னச் சின்னதாக, வெண்ணெய் போல நகர வேண்டும். முள் ஏறிக்கொண்டே இருந்து கம்பி நகராமல், திடீரென்று டக்கென்று குதித்தால் அதுதான் கரி. அடிப்பதை நிறுத்தியதும் முள் அதே இடத்தில் நிற்க வேண்டும், இறங்கினால் ஆக்சுவேட்டருக்குள் இருக்கிற டயஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருக்கிறது. இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் ஆகும். 70,000 கேட்கிறவர் இதைச் செய்துபார்த்தாரா என்று கேளுங்கள்.

இறுகியிருக்கிறது என்றால் என்ன செய்வது? முதலில் வெளியே தெரிகிற லீவரின் அச்சில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் கை பம்பால் ஐம்பது அறுபது தடவை இழுத்து விட்டுப் பார்க்கலாம். கொஞ்சம் இறுக்கம் என்றால் இதிலேயே தளர்ந்துவிடும், அப்புறம் ஓட்டுவதில் மீதி சரியாகும். ரொம்ப இறுகியிருந்தால் டர்போவைக் கழற்றி, சூடான காற்று நுழைகிற பக்கத்து வெளிக்கூட்டைத் திறந்து, தகடுகளையும் அவை உட்கார்ந்திருக்கிற வளையத்தையும் கரி நீக்கித் துடைத்து மாட்ட வேண்டும். இந்த எஞ்சினில் டர்போவும், எஞ்சினிலிருந்து வருகிற புகையைச் சேர்க்கிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே வார்ப்பு, சேர்த்துத்தான் இறங்கும், நட்டெல்லாம் இத்தனை வருடச் சூட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், அவசரப்பட்டால் ஸ்டட் ஒடியும். ஆகவே கூலி கொஞ்சம் கூடத்தான் ஆகும், ஆனாலும் புது டர்போ விலையில் ஒரு பங்குதான். அந்தக் கூட்டைத் திறப்பதற்கு முன் எந்தக் கோணத்தில் இருந்தது என்று கோடு போட்டு வைத்துக்கொள்ளவும், தகடுகளின் கடைசி எல்லையை நிறுத்துகிற சின்ன ஸ்க்ரூவைத் தொடவே கூடாது என்றும் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். அதைத் திருகிவிட்டால் அதற்கப்புறம் அந்த டர்போ ஒழுங்காக ஓடாது.

கரி ஏன் பிடித்தது? அப்பா காலத்தில் வண்டி அடிக்கடி நெடுந்தூரம் போயிருக்கும் என்று நினைக்கிறேன். இப்போது குடியாத்தம் பஜார், பள்ளிக்கூடம், வீடு, இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டம், எஞ்சின் சூடாவதற்குள் அணைத்துவிடுகிறீர்கள். தகடுகள் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கும், புகை வந்து படியும். பழைய டீசலின் பங்கும் உண்டு. சென்னை மாதிரி சில நகரங்களில் கந்தகம் குறைந்த, 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) டீசல் 2010-லேயே வந்துவிட்டது, நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில்தான், இப்போதைய 10 பிபிஎம் 2020 ஏப்ரலில். உங்கள் வண்டி வாழ்ந்த காலத்தில் பாதிக்குமேல் 350 பிபிஎம்மும் அதற்கு மேலும் உள்ள டீசலைக் குடித்திருக்கிறது. டர்போவில் மட்டுமில்லை, எஞ்சினுக்குள் காற்று போகிற இன்டேக் மேனிஃபோல்டிலும் எண்ணெயும் கரியும் சேர்ந்து தார் போலப் படிந்திருக்கும், சில வண்டிகளில் இரண்டு விரல் நுழைகிற வழி சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குச் சுருங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். டர்போவைத்தான் கழற்றுகிறார்கள் என்றால் அதையும் கையோடு கழற்றிச் சுத்தம் செய்துவிடுவது நல்லது.

சரி, இதுவரை சொன்னது என் முதல் சந்தேகம். ஆனால் நான் வண்டியைப் பார்க்கவில்லை, அதனால் இன்னும் சிலதையும் கேட்க வேண்டும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் காட்பாடி ரோட்டில் ஷெட் வைத்திருந்தார், நான் ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் புகுந்தால் காலைப் பிடித்து வெளியே இழுப்பார், “இன்னாடா, அவர் கிட்ட கேட்டியா? எப்ப இழுக்கல, புகை வருதா இல்லையான்னு கேட்டியா?” என்பார். அதையே உங்களிடம் கேட்கிறேன்: திணறும்போது கண்ணாடியில் பின்னால் பாருங்கள், அல்லது பின்னால் பைக்கில் யாரையாவது வரச் சொல்லுங்கள், புகை என்ன நிறம்?

கறுப்புப் புகையோடு திணறினால் டீசல் போகிறது, காற்று போதவில்லை. டர்போ தள்ளுகிற காற்று வழியிலேயே வெளியேறுகிறது, பெரிய ஹோஸ் எங்கேயோ கிழிந்திருக்கிறது அல்லது கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. டர்போ அழுத்திய காற்றைக் குளிர வைக்கிற இன்டர்கூலர் பம்பருக்குள் சக்கரத்துக்கு முன்னால் ஒளிந்திருக்கும், கல் பட்டு அதில் பொத்தல் விழலாம். ஜாயின்ட் ஒவ்வொன்றிலும் கைவிட்டுப் பாருங்கள், புதிதாக எண்ணெய்ப் பிசுக்கும் அதில் தூசியும் ஒட்டியிருக்கிற இடத்தில்தான் காற்று வெளியேறும். ஹோஸுக்குள் கொஞ்சம் எண்ணெய் ஈரம் இருப்பது இந்த எஞ்சினில் சகஜம், அதைக் காட்டி டர்போ சீல் போச்சு என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

புகையே இல்லாமல் சோம்பலாக இருந்தால் டீசலைக் கம்ப்யூட்டரே குறைக்கிறது. இதற்கு முதல் குற்றவாளி ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து வருகிற குழாயில் இருக்கிற காற்று அளக்கும் சென்சார். அந்தக் காலத்து ஃபோக்ஸ்வேகன் குடும்ப டீசல் வண்டிகளில் இது அடிக்கடி போகும், போனாலும் பெரும்பாலும் டேஷ்போர்டில் விளக்கு எரியாது, ஃபால்ட் கோடும் பதிவாகாது. காற்று குறைவாக வருகிறது என்று பொய் சொல்லும், கம்ப்யூட்டர் அதை நம்பி டீசலைக் குறைக்கும். சோதனை சுலபம்: எஞ்சினை அணைத்துவிட்டு அந்த சென்சாரின் பிளக்கைக் கழற்றுங்கள், அப்படியே ஓட்டிப் பாருங்கள். கம்ப்யூட்டர் ஒரு பொதுவான அளவை வைத்துக்கொண்டு ஓட்டும். வண்டி முன்னைவிட நன்றாக இழுத்தால் சென்சார் போய்விட்டது. மாற்றும்போது மலிவான டூப்ளிகேட் போட வேண்டாம், அது போட்ட அன்றைக்கே தப்பாக அளக்கும், நான் இரண்டு தடவை பட்டிருக்கிறேன்.

டீசல் ஃபில்டர் மாற்றினீர்களே, திணறல் அதற்கு முன்பா, பின்பா? பின்பு கூடியிருந்தால் கவனியுங்கள். ஃபில்டரின் தலையில் ஒரு சின்ன இணைப்பு செருகியிருக்கும், அதில் இரண்டு ஓ-ரிங். ஃபில்டரை மாற்றுகிறவர்கள் பழைய ஓ-ரிங்கையே திரும்பப் போட்டுவிடுவார்கள், அதன் வழியாகக் காற்று உள்ளே போகும். ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகிற டியூப் கண்ணாடி மாதிரி இருக்கும், எஞ்சின் ஓடும்போது அதில் டார்ச் அடித்துப் பாருங்கள். எப்போதாவது கடுகு மாதிரி ஒரு குமிழி போனால் பரவாயில்லை, சோடா பாட்டில் மாதிரி வரிசையாகக் குமிழி ஓடினால் காற்று போகிறது. காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுப்பதும் இதனால் இருக்கலாம்.

இன்னொன்று, ரொம்பச் சின்னது, ஆனால் பலர் விட்டுவிடுவது. பிரேக் பெடலுக்கு மேலே ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, பிரேக் லைட்டுக்கானது. அது கெட்டுப்போய், நீங்கள் பிரேக்கில் கால் வைக்காதபோதும் வைத்திருக்கிறீர்கள் என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னால், கம்ப்யூட்டர் டீசலைக் குறைத்துவிடும். இரவில் சுவருக்கு முன் வண்டியைப் பின்பக்கமாக நிறுத்தி, பிரேக் லைட் ஒழுங்காக எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். முப்பது நொடி வேலை.

இவ்வளவையும் ஊகத்தில் செய்யாமல் அளந்து பார்க்க ஸ்கேனர் இருக்கிறது, ஆனால் கோடு படித்துவிட்டு அழிக்கிற ஸ்கேனர் போதாது. வண்டி ஓடும்போது எண்களைப் பதிவு செய்கிற, ஃபோக்ஸ்வேகன் குடும்பத்துக்கான ஸ்கேனர் வேண்டும், வேலூரில் வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள், விசாரியுங்கள். முதலில் பழைய கோடுகளைப் படிக்கச் சொல்லுங்கள், அழிக்கும் முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 17965 என்று வந்தால் கம்ப்யூட்டர் கேட்டதைவிட அழுத்தம் கூடிவிட்டது, தகடுகள் இறுகியதற்கு அது சாட்சி. 17964 என்று வந்தால் கேட்ட அளவுக்கு வரவில்லை, ஹோஸ் அல்லது வேக்கம் கசிவு. ஒரே கோடு உங்கள் பல ஆயிரம் ரூபாயைக் காப்பாற்றும்.

அப்புறம் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து, வண்டிகள் குறைவாக இருக்கிற காலை நேரத்தில் பைபாஸில் மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து முழுதாக மிதித்து 3,500 வரை கொண்டு போங்கள், அவர் ஸ்கேனரில் 11-ஆம் பக்கத்தைப் பதிவு செய்யட்டும். அதில் கம்ப்யூட்டர் கேட்கிற அழுத்தமும் உண்மையில் வருகிற அழுத்தமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஒட்டியே ஏற வேண்டும். ஆர்பிஎம் குறைவாக இருக்கும்போது வருகிற அழுத்தம் பின்தங்கி, பிறகு கேட்டதைத் தாண்டிக் குதித்தால் நான் சொன்ன கரிதான். இன்னொரு ஓட்டத்தில் 3-ஆம் பக்கம், அது காற்று சென்சார். 3,000 ஆர்பிஎம்மில் முழு மிதியில் 800-க்கு மேல் காட்ட வேண்டும், 500, 600-இலேயே நின்றுவிட்டால் சென்சாரை மாற்றுங்கள். இந்த எண்களை எனக்கு அனுப்பினால் வண்டியைப் பார்க்காமலேயே உறுதியாகச் சொல்வேன்.

டர்போ உண்மையிலேயே போயிருந்தால் எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போவதும் உண்டுதான். எஞ்சின் ஆறியதும் காற்று நுழைகிற ஹோஸைக் கழற்றி உள்ளே இருக்கிற சக்கரத்தை இரண்டு விரலால் பிடியுங்கள். பக்கவாட்டில் நூலிழை ஆட்டம் இருக்கலாம், அது எண்ணெய்ப் படலத்துக்கான இடைவெளி. முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. பிளேடு நுனி மழுங்கியோ, சுவரில் புதிதாக உரசிய பளபளப்போ தெரிந்தால் போச்சு. ஓட்டும்போது ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஊளை, நீலப் புகை, மாதத்துக்கு ஒரு லிட்டர் எஞ்சின் ஆயில் குறைவது, இவையும் அறிகுறிதான். நீலப் புகை மண்டிக்கொண்டு நீங்கள் மிதிக்காமலேயே எஞ்சின் தானாக வேகம் எடுத்தால், அது தன் ஆயிலையே குடித்து ஓடுகிறது, சாவியை அணைத்தாலும் நிற்காது. டாப் கியரில் போட்டு, பிரேக்கை முழுதாக அழுத்தி, கிளட்ச்சை விட்டு அணைத்துவிட வேண்டும். உங்கள் கடிதத்தில் இதில் ஒன்றுகூட இல்லை, ஆயில் குறைகிறது என்றும் நீங்கள் எழுதவில்லை.

வெளியே போகிற புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்புகிற ஈஜிஆர் வால்வை அடைத்துவிட்டால் கரி பிடிக்காது என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். 2006 வண்டிக்கு பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்திருப்பீர்கள், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுபடி எஃப்.சி.க்குப் போக வேண்டும், புகைச் சான்றும் வேண்டும். சுத்தம் செய்து போடுங்கள், அதுவே போதும்.

எல்லாம் சரியானதும் ஓட்டுகிற விதத்தையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். வாரத்துக்கு ஒரு நாளாவது எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு மாதனூர் போய் ஹைவேயில் ஏறி, ஆம்பூர் வரைக்கும் போய் வாருங்கள். ஐந்தாவது கியரில் சும்மா உருட்டிக்கொண்டு போவதில் பலனில்லை, மூன்றாவது நான்காவது கியரில் 3,000 வரை சில தடவை இழுங்கள், தகடுகள் முழுத் தூரமும் போய்த் திரும்பும், படிந்த கரி எரிந்து போகும். ஆயில் இந்த எஞ்சினுக்கு ஏற்ற 5டபிள்யூ-40 முழு சிந்தெடிக், அதை மாற்றும் நாளைத் தள்ளிப்போட வேண்டாம். மலை ஏறி வந்து நிறுத்தும்போது உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள், சிவக்கச் சூடான டர்போவுக்கு ஆயில் ஓட்டம் நின்றுபோனால் உள்ளேயே கருகும்.

வேலை முடிந்து சோதித்துப் பார்க்க ஏலகிரி வரைக்கும் போக வேண்டாம், பேர்ணாம்பட்டு மலைப்பாதை உங்களுக்குப் பக்கம்தான். தனியாக, விடியற்காலையில் போங்கள், மூன்றாவது கியரில் மேலே வரை ஒரே மூச்சில் ஏறினால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று அப்பாவிடம் கேளுங்கள், பில் இருக்கிறதா என்று தேடுங்கள். ஐந்து வருடம் தாண்டியிருந்தாலோ, தேதியே தெரியவில்லை என்றாலோ, டர்போவுக்கு முன்னால் அதை மாற்றுங்கள், டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்து. இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும், அப்போது ஆகிற செலவைக் கேட்டால் வண்டியை விற்கத்தான் சொல்வார்கள்.